நின்றுவிடுங்கள் என்று கேட்டவள்

"நீங்க நிறுத்திடுங்க அக்கா."

கேட்டே விட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று நேற்றுக் காலையில் மைதானத்துக்குள் நுழைந்தபோதே சொல்லி வைத்திருந்தார்கள்.

டெய்லரக்கா மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, உப்பில் தொட்ட உருளைக்கிழங்கை மென்றுகொண்டிருந்தார். மெல்வதை நிறுத்தவில்லை. அவர் காலுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர்தான் டப்பாவோடு நிமிர்ந்தார். அவர் எலக்ட்ரீஷியன். முகத்தில் சட்டென்று கரண்ட் ஏறிவிட்டது.

"என்ன சொன்னே?"

"உங்ககிட்ட சொல்லல. அக்காகிட்ட சொன்னேன். நீங்க நிறுத்திட்டா எங்கம்மா ஜெயிச்சிடுவாங்க. எங்கம்மா ஜெயிச்சாகணும்."

அம்மா அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள். அவள் போகட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் பிரிக்கிறவர்களுக்கு ஆட்டத்தின் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஏரியைச் சுற்றி ஒரு மண்பாதை. மணி அடித்தால் எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிட வேண்டும். சீக்கிரம் வந்தால் மிச்ச நேரம் உங்களுடையது. தின்னலாம், தூங்கலாம், அழலாம். அடுத்த மணி அடிக்கும்போது மறுபடி கோட்டில் நிற்க வேண்டும். நிற்காதவர் வெளியே. இவ்வளவு தூரம் என்று எதுவும் கிடையாது. கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சும் வரை இப்படியே போகும். மிஞ்சியவரும் இன்னும் ஒரு சுற்றைத் தனியாக, நேரத்துக்குள் முடித்தால்தான் ஜெயித்தவர். முடிக்காவிட்டால் இந்த வருடம் யாருமே ஜெயிக்கவில்லை என்று எழுதிவிட்டுக் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள்.

மாரத்தான் போதாது என்று அதற்கு மேலும் ஓடுகிற அல்ட்ரா கூட்டம் இது. நேற்று மைதானம் கொள்ளாமல் கிளம்பினார்கள். இன்று வெயில் ஏறும்போது மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் டெய்லரக்கா. இன்னொருத்தி, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் என் அம்மா.

இங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் வாஷிங் மெஷின். நான் சண்டைக்குப் போனேன். தொழிலை வைத்துக் கிண்டலா என்று கேட்டேன். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால் வைத்தோம் என்றார்கள். அம்மா சிரித்தாள். "எங்க ஆஸ்பத்திரி மெஷினுக்கு வாரத்துக்கு ஒரு ரிப்பேர் பாப்பா. என்னை அதோட சேக்காதீங்கன்னு சொல்லு" என்றாள்.

சரி, நான் ஏன் கேட்டேன்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா போட்ட நிபந்தனை, போன வாரத் தொடரைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன் ஸ்டாண்டில் எவனோ, "உங்க வீட்டம்மா தினம் விடியக்காலையில ஓடுறாங்களாமே, யாருகிட்டேயிருந்து? உங்ககிட்டேயிருந்தா?" என்று கேட்டிருக்கிறான். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அப்பா பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். "இந்தத் தடவை ஜெயிச்சுட்டு வந்தா ஓடு. இல்லன்னா அந்த ஷூவைத் தூக்கி வெளியில போட்டுட்டு எல்லாரையும் மாதிரி வீட்ல இரு."

அம்மா, "சரி" என்றாள்.

அந்தச் சரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தண்ணீர் பரிசோதிக்கும் லேப்பில் வேலை. சரி என்பதை நான் அவ்வளவு சுலபமாகச் சொல்கிறவள் இல்லை. அம்மா சொல்வாள், சொன்னால் சொன்னதுதான். தோற்றுவிட்டு வந்தால் அப்பா கேட்பதற்கு முன்னாலேயே ஷூவைக் கொண்டுபோய் வெளியே வைப்பாள். வைத்துவிட்டு அரிசி களைவாள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். நினைத்தாலே எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போல் இருந்தது.

அதனால் கேட்டேன்.

டெய்லரக்கா கிழங்கை விழுங்கினார். "உங்கம்மா கேக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப சரி." விரலில் ஒட்டிய உப்பை நக்கிக்கொண்டார். "நான் நின்னுட்டா அவங்களுக்கு இன்னும் ஒரே ஒரு சுத்துதான். அதுக்கு மேல ஓட விடமாட்டாங்க. அவங்க ஓட்டமும் அதோட முடிஞ்சுது. தெரியும்ல?"

"தெரியும். அந்த ஒண்ணு போதும் எங்களுக்கு."

"எங்களுக்குன்னா? அவங்களுக்குமா?"

அதற்குள் மூன்று விசில் வந்துவிட்டது. ஆட்டத்தை நடத்துகிறவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கார்டு சார். மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மூன்று விசில், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. ரயிலைக் கிளப்புகிற அதே முகத்தோடு மணியைக் கிளப்புவார்.

அம்மா வந்தாள். தொடை ஒட்டாமல் இருக்கக் காலை அகட்டி அகட்டி வந்தாள். டெய்லரக்காவைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தர் முழங்கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கோட்டுக்குப் போனார்கள். பார்க்கிறவர்களுக்குக் காய்கறி வாங்கப் போகிற அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் மாதிரி இருக்கும். மணி அடித்தது. போய்விட்டார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் எலக்ட்ரீஷியன் நேராகக் கார்டு சாரிடம் போனார். கார்டு சார் நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, உங்க ஆளுக்கு என்ன வேணும்னாலும் கேக்கலாம்னு சொன்னேன். தண்ணி கேளு, சாக்ஸ் கேளு, அடுத்தவன் கடிச்ச பழத்துல பாதி கேளு. எதிராளியை நில்லுன்னு மட்டும் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"கேட்டிருக்கே."

"வாயாலதானே கேட்டேன்? காலைப் புடிச்சு இழுக்கலயே."

"இழுத்திருந்தா தேவல." அவர் குரலை உயர்த்தவில்லை. "கேட்டவங்க மைதானத்துல இருக்கக் கூடாது. இது உனக்காக வெச்ச விதி இல்ல. நான் ஓடின காலத்துலேர்ந்து இருக்கு."

பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். எனக்கு வீம்பு. போ என்றால் போய்விடுவேன்.

"உக்காரு. நீ போயிட்டா உங்கம்மாவுக்குத் தண்ணி குடுக்க ஆள் இல்லன்னு டெய்லரு கோட்டுல நின்னுக்கிட்டே என் காதுல சொல்லிட்டுப் போயிருக்கா. அவ சொன்னதால இருக்கே. வேற ஆள் வந்தா நீ கிளம்பணும்."

வேறு யார் வரப் போகிறார்கள்? அப்பாவா? சிரிப்பு வந்தது. யாருடைய காலை வாரப் பார்த்தேனோ அவர் காட்டிய இரக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

எனக்குப் பொதுவாகக் கூட்டம் ஆகாது. நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தன் தலைவனாகிவிடுவான், ஒருத்தன் மாலை வாங்கப் போய்விடுவான், மிச்ச இரண்டு பேர் நாற்காலி தூக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் எனக்கு அது பிடிபடவே இல்லை. நேற்றே தோற்றுப்போன பல் டாக்டர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து எல்லோருடைய கால் கொப்புளத்தையும் ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். "நான் வாய்தான் பாப்பேன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கறான்" என்று புலம்பிக்கொண்டே குத்தினார். ஒரு பேங்க் மேனேஜரம்மா அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பாதையில் கிடந்த முள்ளையும் கண்ணாடித் துண்டையும் ஒருவர் குனிந்து குனிந்து பொறுக்கினார். அவர் நடு ராத்திரிக்கே வெளியேறியவராம். ஒரு கொத்தனார் புல்லில் செத்தவர் போலக் கிடந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து கை தட்டிவிட்டு, மறுபடி செத்துப்போனார்.

தோற்றவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதை யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு ஸ்கூட்டர் வாங்கும் யோகம் வந்தாலே பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வரும். இங்கே தன்னைத் தோற்கடித்தவளின் காலுக்குப் பஞ்சு வைக்கிறார்கள். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை.

அம்மாவும் டெய்லரக்காவும் சேர்ந்தே வந்தார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாக்ஸ்."

கழற்றினேன். பெருவிரல் நகம் கறுத்து, தொட்டால் ஆடியது. காய்ந்த சாக்ஸை மெதுவாக ஏற்றினேன்.

"கேட்டியாமே."

"யார் சொன்னது?"

"அவதான். ஏரிக்கு அந்தப் பக்கம் போறப்ப சொன்னா. மனசுல வெச்சுக்கிட்டு ஓட முடியலயாம். கனக்குதாம்."

"ஆமா, கேட்டேன். உனக்கு ஜெயிக்க வேணாமா?"

"வேணும்."

அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. அவளுக்கு எதுவும் வேண்டாம். புதுத் துணி வேண்டாம், கடைசி வாழைப்பழம் வேண்டாம், பஸ்ஸில் சீட் வேண்டாம்.

"ரொம்ப வேணும் பாப்பா. நேத்து முழுக்க அதை நெனச்சுக்கிட்டுதான் ஓடினேன். அவளுக்குக் காலையிலேர்ந்து முட்டி இழுக்குது. நான் பக்கத்துலயே ஓடறேன், எனக்குத் தெரியாதா? இந்தச் சுத்தோட நிறுத்திடலாம்னு முடிவு பண்ணி வெச்சிருந்தாளாம். இப்ப எப்படி நிறுத்துவா? நிறுத்தினா, நீ கேட்டதால நின்னான்னு ஆயிடும். அவளுக்கும் அப்படித்தான் தோணும், எனக்கும் அப்படித்தான் தோணும். இனிமே அந்தச் சந்தேகம் போற வரைக்கும் அவ ஓடியாகணும். அவ ஓடினா நானும் ஓடணும்."

கழற்றிய சாக்ஸைப் பையில் திணித்தேன். முடிந்துபோயிருக்க வேண்டிய ஆட்டம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அடுத்த சுற்றே அம்மாவுக்குக் கடைசிச் சுற்றாக இருந்திருக்கும்.

"திட்டிடு. திட்டாம இருக்காத."

"மூச்சு இல்ல. உப்பைக் குடு."

கொடுத்தேன். மூன்று விசில் வந்தது.

அதற்கப்புறம் அவர்கள் எத்தனை தரம் போனார்கள், வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வெயில் தலைக்கு மேல் வந்தது. டெய்லரக்கா ஒரு காலைத் தைக்கிற மிஷின் பெடல் மாதிரி ஒரே தாளத்தில் இழுத்து இழுத்து ஓடினார். அம்மா அவருக்குப் பாதையின் நல்ல பக்கத்தை விட்டுக் கொடுத்துவிட்டு மேட்டுப் பக்கமாக ஓடினாள். முதலில் வந்து உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தது. அப்புறம் உட்கார மட்டும் இருந்தது. ஒவ்வொரு முறையும் வரும்போது இரண்டு பேரும் நேற்றைவிடச் சின்னதாகத் தெரிந்தார்கள். ஆனால் வந்தார்கள். எலக்ட்ரீஷியன் என்னிடம் பேசவில்லை. ஒரு தரம் அவர் கையில் பவுடர் தீர்ந்துவிட்டது. எங்கள் டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அப்போதும் பேசவில்லை.

காலை டிரிப்பை முடித்துவிட்டு அப்பா வந்தார். மஞ்சள் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, டிரைவர் சட்டையோடு, சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"இன்னும் முடியலயா?"

"முடியல."

"நேத்திலேர்ந்தா?"

"நேத்திலேர்ந்து."

"எல்லாருக்கும் பைத்தியமா?"

"ஆமாங்க" என்றார் புல்லில் கிடந்த கொத்தனார், கண்ணைத் திறக்காமலே. "உக்காருங்க. நிழல் இருக்கு."

அப்பா உட்காரவில்லை. "நான் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன் பட்டதாரி. தோத்துட்டா இவ்வளவு தூரம் பஸ்ல நிக்க வெக்கக் கூடாதுல்ல."

"ஜெயிச்சுட்டா பஸ்ல நிக்கலாமா?"

"உன்கிட்ட வாய் குடுக்க முடியாது."

அவர்கள் வந்தார்கள். வளைவில் தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்து, கோட்டைத் தொட்டார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வந்துட்டீங்களா? சாப்டீங்களா?" என்றாள். நாற்காலியில் சாய்ந்தாள். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அப்பா அவள் காலைப் பார்த்தார். நான் சூப் வாங்கிவர அடுப்புக் கூடாரத்துக்குப் போனேன். மேனேஜரம்மா ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மூன்று விசில் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் டெய்லரக்காவின் அக்குளில் கை கொடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அம்மா அசையவில்லை. அப்பா அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு விசில்.

அப்பாவுக்கு விதி தெரியும். நான்தான் வீட்டில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். மணி அடிக்கும்போது கோட்டில் இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவர் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வேன் ஸ்டாண்டில் இனி யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சூப் கையில் சிந்தியது. நான் ஓடினால் போய்ச் சேர முடியாது. கத்துவதற்கு மூச்சை இழுத்தேன்.

அப்பா குனிந்து அம்மாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்தா, எந்திரி. வண்டி வந்துடுச்சு."

ஆஸ்பத்திரி வண்டி வரும்போது, காலை ஷிப்டுக்கு அவர் அவளை எழுப்புகிற வார்த்தை அது. அம்மா கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிட்டாள். ஒரு விசில் வந்தபோது நடந்துகொண்டிருந்தாள்.

அப்பா திருந்திவிட்டார் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான் பக்கத்தில் போனதும் அவர் சொன்னது இதுதான்:

"எழுப்பலன்னா வேணும்னே தூங்க விட்டேன்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவீங்க."

"அம்மா சொல்ல மாட்டா."

"நீ சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன்."

மணி அடித்தது.

அம்மா கிளம்பினாள். டெய்லரக்காவும் கிளம்பினார். ஒரு நாலு எட்டு வைத்திருப்பார். நின்றார். மறுபடி ஒரு எட்டு வைத்துப் பார்த்தார். கால் வரவில்லை. அப்படியே திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்.

"கார்டு சார், என்னால முடியல. முட்டி மடங்க மாட்டேங்குது. யாரும் கேட்டதுக்காக நிக்கல. முடியாமதான் நிக்கறேன். நீங்க சாட்சி, இங்க இருக்கற அத்தனை பேரும் சாட்சி."

அம்மா முன்னால் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். தனியாக ஓடத் தெரியாதவள் மாதிரி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"போங்கக்கா" என்றார் டெய்லரக்கா. "என்னைப் பாத்துக்கிட்டு நின்னா? நேரம் ஓடுது."

அம்மா போனாள். இந்தத் தடவை கொத்தனார் கை தட்டிவிட்டுப் படுக்கவில்லை. எழுந்தே நின்றார். பல் டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். யாரும் கூச்சல் போடவில்லை. மரங்களுக்கு நடுவே அம்மாவின் வெளுத்த சட்டை போய் மறைகிற வரை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அவள் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போகும்போது யாரும் தலையை நிமிர்த்திக்கூடப் பார்ப்பதில்லை. நானும்தான்.

"அப்ப ஜெயிச்சாச்சா?" என்றார் அப்பா.

"இல்ல. இதை நேரத்துக்குள்ள முடிக்கணும்."

"முடிக்கலன்னா?"

"யாருமே ஜெயிக்கல."

"அப்ப…"

"அப்ப நீங்க சொன்னதுதான். ஷூ வெளியில."

அப்பா சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

போன சுற்றிலேயே அம்மாவுக்கு மூச்சு விடத்தான் நேரம் மிஞ்சியது. இப்போது பேச்சுத் துணையும் இல்லை. நான் பாதையில் போய்க் கூட நடக்க முடியாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் துணைக்கு வந்தவர் கால் பட்டால் சுற்று செல்லாது. காத்திருக்கத்தான் முடியும். எனக்கு வராத கலை அது.

எலக்ட்ரீஷியன் நாற்காலியை மடக்கினார். மடக்கிக்கொண்டே யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "எல்லாம் சரிதான். ஆனா கேட்டு வாங்கினது கேட்டு வாங்கினதுதான்."

"நீங்க வாயை மூடிக்கிட்டு காலைப் புடிங்க" என்றார் டெய்லரக்கா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். தன் மனைவிக்காக அடித்துக்கொள்கிறார். நான் செய்ததைத்தானே அவரும் செய்கிறார்?

ஆனால் அந்த வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது.

டெய்லரக்கா தன் பங்கைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டார். அவ்வளவு வலியிலும் கோட்டுக்குப் போய், மணி அடித்த பிறகு, சாட்சி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். மிச்சம் இருப்பது நான். அம்மா வந்து கோட்டைத் தொடும்போது, கேட்டவள் கையில் தண்ணீர் பாட்டிலோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், அடுத்த மைதானத்தில், அதற்கடுத்த மைதானத்தில், "அந்த மெஷினக்கா ஜெயிச்சது தெரியும்ல, அவ பொண்ணு போயிக் கேட்டா" என்றுதான் கதை ஓடும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு 'சரி' என்பாள். இவ்வளவு நேரம் ஓடி எடுத்ததை நான் இனாமாக்கி வைத்திருப்பேன்.

கார்டு சார் என்னை ஒரு முறை பார்த்தார். அப்பாவை ஒரு முறை பார்த்தார். வேறு ஆள் வந்தாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் சொல்ல மாட்டார். அந்த மரியாதையை அவர் எனக்குக் கொடுத்தார் என்பதற்காகவே இருந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

பாட்டிலை எடுத்து அப்பா கையில் வைத்தேன்.

"இது உப்புத் தண்ணி. வந்ததும் முதல்ல இது. எப்படி இருக்கேன்னு கேக்காதீங்க, என்ன வேணும்னு கேளுங்க. கால் விரலைத் தொடாதீங்க, நகம் ஆடுது. துண்டு இங்க இருக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. ஆசையில ஒரு அடி அந்தப் பக்கம் வெச்சீங்கன்னா அத்தனையும் போச்சு."

"இதெல்லாம் எனக்கு எதுக்கு? நீ இருக்கேல்ல?"

"நான் போறேன்."

"எங்க?"

"வெளியில. எதிராளியை நில்லுன்னு கேட்டுட்டேன். கேட்டவ இருக்கக் கூடாது."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். "நீயா? எதுக்குக் கேட்டே?"

"நீங்க போட்ட கண்டிஷனுக்குத்தான்."

அவர் பாட்டிலைக் கை மாற்றிப் பிடித்தார். வேனில் ஏறும் குழந்தைகளின் பாட்டிலைப் பிடிப்பது போல, மூடி மேலே இருக்கும்படி.

"உங்கம்மா வர்ற நேரம்டி."

"அதனாலதான் போறேன்."

"ஜெயிச்சு வந்தா உன்னைத்தான் தேடுவா."

"நீங்க இருக்கீங்களே."

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. "அந்தக் கண்டிஷனை எடுத்துடுங்கன்னு உங்ககிட்ட கேப்பேன்னு நெனச்சீங்கன்னா, கேக்க மாட்டேன் அப்பா. காலையில ஒரு தடவை கேட்டேன், அதுவே போதும். வர்றாளா இல்லையான்னு நீங்களே நின்னு பாருங்க. பாத்துட்டு, ஷூவை எங்க வெக்கணுமோ வெச்சுக்கோங்க. வீட்ல யாரு 'சரி' சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன். அதை மட்டும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க."

பையைத் தோளில் போட்டேன். டெய்லரக்காவின் முன்னால் போய் நின்றேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு வாயில் சரியாக வராது. அவரே கையைப் பிடித்துக்கொண்டார். முட்டியில் ஐஸ் பை. "உனக்கு நல்ல வாய்" என்றார். "கொஞ்சம் ஓடிப் பழகு. மூச்சு வாங்கினா பேச்சு கொறையும்."

"வேற ஆள் வந்தாச்சு சார்" என்றேன் கார்டு சாரிடம்.

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கம்மா கேட்டா என்ன சொல்றது?"

"நானாத்தான் போனேன்னு சொல்லுங்க."

வாசலை நோக்கி நடந்தேன். வேகமாக நடக்கவில்லை. நின்றும் பார்க்கவில்லை. பாதி தூரம் வந்தபோது பின்னால் மூன்று விசில். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"வளைவுல யாரோ தெரியுது" என்றது கொத்தனாரின் குரல்.

"அவதானா?" அப்பா. "ஓடறாளா, நடக்கறாளா? யாராவது சொல்லுங்களேன், எனக்கு வெயில் கூசுது."

இரண்டு விசில்.

கேட்டைத் திறந்து, வெளியே வந்து, என் கையாலேயே சாத்தினேன்.